சாக்கடை கலந்த வாய்க்கால் தண்ணியில கீரை போடலாமா?

கீரைக்காரன்:
மதுரைக்குத் தெக்க ஒண்ணரை ஏக்கர். கிணறு வத்திருச்சு, வாய்க்கால் தண்ணிதான். டவுன் சாக்கடையும் கலந்து வருது. யூரியா போடாமலே சிறுகீரை கருகருன்னு வருது. பூவாளியிலதான் ஊத்துறேன். விரலிடுக்குல அரிப்பு நிக்கல. விட்டுரவா?

வயல்நண்பன்:
அண்ணே, அரிப்புக்கு முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. கொக்கிப்புழுன்னு ஒரு குடல்புழு, வெறுங்கால் வழியாத்தான் ஏறும். கம்பூட்ஸ் இல்லாம இறங்காதீங்க.
ஓரமா ஒரு குழி வெட்டி தண்ணியைத் தேக்குங்க. புழு முட்டை கனம், அடியில தங்கிரும். கலக்காம மேல்தண்ணியை மட்டும் மொள்ளுங்க. லிட்டருக்கு ஒரு முட்டைக்கு மேல கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 1989லயே சொல்லிருச்சு. பூவாளியை இலை மேல பிடிக்காம தூர்ல ஊத்துங்க.

செவக்காட்டான்:
குழி கிருமிக்கு ஓரளவு சரி. சாயப்பட்டறைத் தண்ணி கலந்தா உப்பும் உலோகமும் அப்படியேதான் இருக்கும். மண்ணையும் தண்ணியையும் டெஸ்ட் பண்ணுங்க. அறுப்புக்கு முன்னாடி சில நாள் பாய்ச்சலை நிறுத்தினா வெயில்லயே கிருமி குறையும். ஆனா கீரை வாடிரும், யார் வாங்குவா? மல்லிப்பூவுக்கு மாறுங்க.

கீரைக்காரன்:
மல்லிக்குப் பறிகூலி கட்டாதுப்பா. பாதியில மாட்டுத்தீவனத்துக்கு கோ-4 புல்லு வைக்கிறேன்.

வயல்நண்பன்:
வைங்க. வெட்டினதும் மாட்டுக்குப் போடாம வெயில்ல நல்லா காயவிட்டுப் போடுங்க.