மொட்டைமாடிப் பறைக்குழு: எது இன்னும் உறுத்துது?

வைகைக்கரை:
ஆரம்பிச்சப்ப ஆறு பேர், மூணு பறை, அதுல ஒண்ணு இரவல். மதுரை செல்லூர்ல ஒரு மொட்டைமாடியில பறை பழகினோம். எனக்கு உறுத்துறது முதல் ஞாயித்துக்கிழமை. ‘தொல்காப்பியமே ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை சொல்லுது’ன்னு பெருமையா நோட்டீஸ் எல்லாம் அடிச்சிருந்தோம். பறை சொல்லிக்கொடுக்க ஆசான் வந்தார், படிக்குக் கீழேயே செருப்பைக் கழட்டினார். அம்மா சொம்புல தண்ணி நீட்டினாங்க. அவர் சொம்பை வாங்கல. ரெண்டு கையையும் குவிச்சு நீட்டினார். அம்மாவும் ஊத்திட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன், வாயே திறக்கல. பத்து நிமிஷம் கழிச்சு அதே கையிலிருந்து கும்பிட்டு, பறை அடிக்கிற அடிக்குச்சியை வாங்கினேன்.

தோல்கட்சி:
மண்டபத்து நிகழ்ச்சி, ஐப்பசி மழை. பறைத் தோல் தொளதொளன்னு ஆயி, அடிச்சா பாயைத் தட்டுற மாதிரி சத்தம். உள்ளே நெருப்பு மூட்டக்கூடாதுன்னுட்டாங்க. ஜெனரேட்டர் ரூம் பின்னாடி வைக்கோலும் பேப்பரும் கொளுத்தி, தோல் இறுகக் காய்ச்சினோம். வாட்ச்மேன் வாளித் தண்ணியோட ஓடி வந்தார். வந்தவர் நின்னு பாத்துட்டு வாளியைக் கீழ வெச்சார். “ஓரம் இறுகல தம்பி, திருப்பிக் காட்டு”ன்னார். அண்ணே நீங்க அடிப்பீங்களான்னு கேட்டேன். வாளியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டார். அந்த மழைக்குப் பயந்து ஃபைபர் பறை வாங்கினாங்களே, அதை நான் இன்னைக்கும் ஒத்துக்கல.

மூணாவது பேட்ச்:
தோல்கட்சி, ஃபைபர் வந்ததாலதான் நான் ஹாஸ்டல்ல பழக முடிஞ்சுது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பொண்ணுங்க ஆடி அடிக்கிறதைப் பாத்துட்டு ஆசையில சேந்தவ நான். வீட்டுல சொல்லல. பாட்டி தவறினப்ப தெருவுல அடிச்சவங்கள்ல ஒருத்தர் ஆசானோட தம்பி மகன். எனக்கு டப்பா அடிங்கிற தாளத்தைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். உள்ள அழுதுக்கிட்டு உக்காந்திருக்கேன், விரல் பாட்டுக்கு முட்டியில சாவு அடியைத் தட்டிக்கிட்டிருக்கு. சித்தி கையைப் பிடிச்சு அமுக்கினாங்க. வெளிய வந்தப்ப அவர் என்னைப் பாத்து லேசா தலையாட்டினார். நான் தெரியாத மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். 2025-ல பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவிச்சப்ப ‘நம்ம மதுரைக்குப் பெருமை’ன்னு குடும்ப குரூப்புல முதல்ல போட்டது அதே சித்திதான்!

பழைய கை:
நான் ஒரு தடவை சப்பரத்து அடிங்கிற தாளத்துல ரெண்டு எட்டு முன்னாடி நுழைஞ்சு ஆசான்கிட்ட முறைப்பு வாங்கினேன், அவ்வளவுதான். ஆனா தோல்கட்சி, பேப்பர்ல காய்ச்சினது தப்பு. குப்புனு எரிஞ்சு ஒரே இடத்துல பொசுக்கும், கரியும் படியும். வைக்கோலோ பனையோலையோ போடணும். நெருப்பு நாக்கு தோலைத் தொடவே கூடாது, அனல் மட்டும் படணும். பறையைச் சுத்திக்கிட்டே இருக்கணும், நடுவுல விரலால சுண்டிப் பாக்கணும். கணீர்னு வந்ததும் நிறுத்திடணும், ஆசைப்பட்டு இன்னும் காய்ச்சினா கிழிஞ்சிடும். வீட்டுல சிமெண்ட் சுவத்துல சாய்ச்சு வெக்காதீங்க, ஈரம் ஏறும். துணி சுத்தி ஆணியில மாட்டுங்க. ஓரத்துல புளியங்கொட்டைப் பசை விட்டுப்போச்சுன்னா கடையில கிடைக்கிற கோந்தைத் தடவாம பறை கட்டுறவர்கிட்டயே கொடுங்க. இன்னொரு கையில பிடிக்கிற சுண்டுக்குச்சி மூங்கில்தான், பிளாஸ்டிக் எல்லாம் வேணாம். அடிக்குச்சிக்குப் பூவரசு. அப்புறம் கார் டிக்கியில போட்டு வெயில்ல நிறுத்துறவங்க...

தோல்கட்சி:
அண்ணே, இங்க யாரு பராமரிப்பு கேட்டா?

வைகைக்கரை:
சண்டை அப்புறம். அந்த இரவல் பறை ஆசானோடது. அவர் பேரன் பழக ஆரம்பிச்சிருக்கானாம், போன வாரம் வீட்டுலருந்து போன் பண்ணிக் கேட்டாங்க. கடைசியா யார் எடுத்துட்டுப் போனது?

மூணாவது பேட்ச்:
எங்க வீட்டுப் பரண்ல இருக்கு. சித்தி கண்ணுல படக்கூடாதுன்னு பழைய பாய்க்குள்ள சுருட்டி வெச்சது. தோல் எப்படி இருக்குன்னு தெரியல.