ஈராசிரியர் பள்ளி: 60,000 ரூபாயை முதலில் எதில் போடுவது?

பாலாற்றங்கரை (கேள்வி):
வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கம் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 1 முதல் 5 வரை 38 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர், இரண்டு அறை, ஒரு வராண்டா. ஊரில் 60,000 ரூபாய் வசூலாகியிருக்கிறது. சுவரெல்லாம் படம் வரைந்து ஒரு ஸ்மார்ட் டிவி மாட்டலாம் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் ஐந்தாவதில் சில பேருக்கே தமிழ்ப் பத்தி தடங்கலில்லாமல் வாசிக்க வரவில்லை. வருடா வருடம் நாலைந்து பேர் மெட்ரிக் வேன் ஏறிவிடுகிறார்கள். மூன்றாவது ஆசிரியர் கேட்டு மனு கொடுத்தால் நடக்குமா?

கரும்பலகை:
நடக்காது. கல்வி உரிமைச் சட்டக் கணக்கில் 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால்தான் மூன்றாவது. டிவியும் இப்போதைக்கு வேண்டாம். ஒரே அறையில் மூன்று வகுப்பு உட்கார்ந்திருக்கும்போது ஒரு வகுப்புக்கு டிவி ஓடினால் மற்ற இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு அதைத்தான் பார்க்கும்.

முதலில் ஆசிரியர்களிடம் பேசி, பிள்ளைகளைத் தனித்தனியாக வாசிக்க வையுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம், இரண்டு மதியத்தில் முடிந்துவிடும். பாடப்புத்தகப் பத்தி கூடாது. எழுத்தைப் பார்க்காமலே ஒப்பித்துவிடுவார்கள். ஒரு தாளில் பத்து எழுத்து, பத்து சொல், மூன்று வரி, ஒரு சின்னப் பத்தி. சொற்களில் படம்/பாடம், குடை/கூடை, கொடு/கோடு ஜோடிகள் கட்டாயம் இருக்கட்டும்.

தடுக்குவது பெரும்பாலும் மூன்றே இடத்தில். ஒன்று, குறில் நெடில். இரண்டு, கெ, கே, கை: கொம்பு முன்னால் நிற்க, ஒலி பின்னால் வருகிறது. மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது, உகர வரிசை. கா, சா, மா எல்லாவற்றுக்கும் ஒரே கால் போதும். கு, சு, து, மு என்று வந்தால் ஆளுக்கொரு வடிவம்; கூ, சூ, தூ, மூ இன்னும் மோசம். வரிசையாகப் பாடச் சொன்னால் பாடும் பிள்ளை, தனியாக 'நூ' காட்டினால் முழிக்கும். அதனால் கலைத்துப் போட்டுக் கேளுங்கள்.

நம்ம பக்கத்துப் பேச்சையும் கணக்கில் எடுக்க வேண்டும். 'பழம்' என்பதைப் பார்த்துப் 'பயம்' என்று சொன்னால் அதை வாசிப்புப் பிழையாகக் குறிக்காதீர்கள். எழுதச் சொல்லுங்கள், ழ சரியாகப் போட்டால் எழுத்து தெரியும் என்று அர்த்தம், நாக்கு மெல்லத் திரும்பும். வீட்டில் 'கீது' என்று பேசும் பிள்ளைக்கு 'இருக்கிறது' புதுச் சொல். இருக்கிறது, வருகிறார்கள், போகவில்லை மாதிரி முப்பது சொல்லை அட்டையில் எழுதிப் பார்த்ததும் சொல்லும்படி பழக்கினால் வாசிப்பு வேகம் கண்ணெதிரே கூடும். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளைக்குப் படத்தோடு சொல் அட்டை வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துக் கூட்டும், பொருள் தெரியாது.

பிறகு காலை உணவு முடிந்ததும் தினம் 45 நிமிடம் வாசிப்பு. வகுப்பு வாரியாக இல்லாமல் நிலை வாரியாக: எழுத்து, சொல், பத்தி என்று மூன்று குழு. எழுத்துக் குழுவை ஓர் ஆசிரியர் முழுதாக எடுக்க, மற்றவர் மீதி இரண்டையும் பார்க்கட்டும். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் பிரிவோடு இது மோதாது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஐந்தாவது பையனை ஒன்றாவது பிள்ளைகளோடு உட்கார வைத்தால் மறுநாள் வர மாட்டான். சொல் அட்டைகள் உள்ள பெட்டியை அவன் கையில் கொடுத்து, எடுத்துக் காட்டுகிற வேலையை அவனிடமே விடுங்கள்.

இது குலைவது ஓர் ஆசிரியர் வட்டார வள மையப் பயிற்சிக்குப் போகும் நாளில்தான். அன்றைக்கென்று தனி அட்டைப் பெட்டி தயாராக இருக்கட்டும். அட்டைக்கும் கதைப் புத்தகத்துக்கும் 12,000 ஒதுக்குங்கள்.

மோர்தானா:
கழிப்பறையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. மெட்ரிக் வேனுக்குப் பாதிக் காரணம் அதுதான். உள்ளே தண்ணீர் இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் நாறும், பூட்டுவார்கள், சாவி மேசைக்குள் போய்விடும்.

38 பிள்ளைக்கு 500 லிட்டர் தொட்டி போதும். ஊராட்சித் தண்ணீர் விடியற்காலையில் வருகிறது என்றால் பள்ளி பூட்டியிருக்கும், ஆள் நின்று நிரப்ப முடியாது. தொட்டியில் பந்து வால்வு (நிறைந்ததும் மிதவை தானே மூடிவிடும்) போட்டு, தொட்டிக்கு வரும் குழாயைத் திறந்தே விடுங்கள். நம்மூர் உப்புத் தண்ணீருக்குப் பந்து வால்வு உப்புக் கட்டி இறுகிவிடும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழற்றிச் சுரண்ட வேண்டும். தொட்டியிலிருந்து வெளியே போகும் மெயின் வால்வை அறைக்குள் வையுங்கள், லீவுக்கு மூடிவிட்டால் யாராவது குழாயை உடைத்தாலும் தொட்டி காலியாகாது.

இதற்கு வசூல் பணம் மட்டும்தான் என்று இல்லை. பள்ளி மானியம் 31 முதல் 100 பிள்ளைக்கு ஆண்டுக்கு 25,000. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குச் செலவாக வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் வரவு செலவைக் கேளுங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். ஆனால் மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் போட்டால் ஷூ கம்பெனிக்கும் நூறு நாள் வேலைக்கும் போன அம்மாக்கள் எப்படி வருவார்கள்? ஞாயிறு காலை வையுங்கள்.

சுண்ணாம்புக்கல்:
பெயின்ட் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆனையும் குதிரையும் வேண்டாம். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உட்சுவர் முழுக்கக் கரும்பலகை பெயின்ட் அடியுங்கள். ஆளுக்கு இரண்டடி அகலம். ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் எழுதலாம், ஆசிரியர் நடந்துகொண்டே பிழை பார்க்கலாம். சுண்ணாம்பு அடித்த சுவரின் மேல் நேராக அடித்தால் செதிலாக உரியும். சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்துவிட்டு இரண்டு கோட். ஓதம் ஏறும் சுவரை விட்டுவிடுங்கள், கொப்பளிக்கும். மழைக்கு முன் கூரை ஒழுகுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பாலாற்றங்கரை:
வால்வு, தொட்டி, அட்டை, சுவர் என்று எழுதிக்கொண்டேன். கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கலாம்?

மோர்தானா:
யாரிடமும் வேண்டாம். பள்ளி நேரத்தில் வெளிப்பூட்டே கூடாது, உள்தாழ்ப்பாள் மட்டும். அதுவும் ஒன்றாவது பிள்ளைக்கு எட்டும் உயரத்தில்.