மறு: முன்சக்கர டயர்த் தேய்வு – வடிவத்துக்குப் பெயர் வைப்போமா, காரணத்துக்கா?

வணக்கம்.

'கேம்பர்' (சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) என்பதைத் தமிழில் சாய்வு என்பதா சரிவு என்பதா என்பதிலேயே இந்த இழையில் பாதி போய்விட்டது. பராமரிப்புக் கையேட்டுக்குச் சொல் கேட்ட நண்பருக்கு இன்னும் விடை போய்ச் சேரவில்லை. காரின் முன்சக்கர டயர் ஏன் ஏறுமாறாகத் தேய்கிறது என்று கண்டுபிடிக்கும் அத்தியாயத்துக்குத்தான் அவர் கேட்டார். ஆகவே அகரவரிசையை விட்டுவிடுகிறேன். டயருக்கு முன்னால் குத்தவைத்து உட்காருபவர் எதை முதலில் பார்ப்பாரோ, அந்த வரிசையில் எழுதுகிறேன்.

> உள்பக்கம் மட்டும் தேய்ந்தால் 'சாய்வுத் தேய்வு' என்று வைத்துவிடலாம். கேம்பர் தவறினால்தானே அப்படித் தேய்கிறது?

இதை நான் ஏற்கவில்லை. சக்கரத்தின் தலைப்பகுதி உள்ளே சாய்ந்திருந்தால் உள்ளோரம் தேயும் என்பது உண்மைதான். ஆனால் சக்கரங்கள் நிமிர்ந்தே நின்று, முன்பக்கம் மட்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருந்தாலும், அதாவது டோ அவுட் ஆகியிருந்தாலும், அதே உள்ளோரம்தான் தேயும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. பெயரிலேயே காரணத்தைப் பூட்டிவைத்தால், படிப்பவர் டயரைத் தொட்டுப் பார்க்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுவார். கேம்பர் சரிசெய்ய வேண்டும் என்று வண்டியைக் கொண்டுபோவார், தேய்வு நிற்காது.

கண்ணுக்கும் கைக்கும் தெரிவது எதுவோ அதற்குப் பெயர் வைப்போம். காரணம் அடுத்த பத்தியில் வரட்டும்.

அப்படிப் பார்த்தால் முதல் நான்கு சொற்களுக்குச் சிரமமே இல்லை: உள்ளோரத் தேய்வு, வெளியோரத் தேய்வு, ஈரோரத் தேய்வு, நடுத்தேய்வு. 'தோள் தேய்வு' என்று ஒருவர் எழுதியிருந்தார். டயரின் அந்தப் பகுதியைத் தோள் என்பது தவறில்லை, ஆனால் எந்தத் தோள் என்று மறுபடி சொல்ல வேண்டிவரும். ஓரம் போதும். காற்று குறைவாக ஓடிய டயரில் இரண்டு ஓரமும், கூடுதலாக அடித்த டயரில் நடுவும் தேயும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதற்காக ஈரோரத் தேய்வைக் 'காற்றுக்குறைவுத் தேய்வு' என்று எழுத வேண்டாம். வளைவுகளில் வேகத்தைக் குறைக்காமல் திருப்பி ஓட்டுபவரின் முன்டயரில், காற்றும் கோணமும் சரியாக இருந்தாலும் வெளியோரம் கரையும். அதனுடன் கொஞ்சம் உள்ளோரத் தேய்வும் சேர்ந்தால் பார்வைக்கு ஈரோரம்தான்.

தேய்வா, தேய்மானமா என்ற கேள்விக்கு என் பதில்: தனியாக வரும்போது தேய்மானம், கூட்டுச்சொல்லின் வாலில் தேய்வு. கணக்கெழுதுபவர்கள் தேய்மானத்தை ஏற்கெனவே வேறு பொருளில் எடுத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் இங்கே ஒரு தடையே இல்லை. டயரைப் பற்றிப் பேசும்போது யாரும் இருப்புநிலைக் குறிப்பை நினைப்பதில்லை.

இனி இழையில் நீண்ட சண்டை நடந்த சொல்லுக்கு வருகிறேன்.

> 'ஃபெதரிங்' என்பதற்கு 'இறகுத் தேய்வு' நேரான மொழிபெயர்ப்பு. ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

இறகைத் தடவினால் எப்படி இருக்கும்? மென்மையாக இருக்கும். நாம் சொல்ல வருவதோ விரலில் பிடிக்கும் ஒரு முனையை. டயரின் குறுக்கே உள்ளங்கையை ஓட்டினால் ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகிறது. திரும்பி வரும்போது ஒவ்வொரு வரியின் விளிம்பும் விரலில் தட்டுகிறது. மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவியவருக்கும் வாலிலிருந்து தலைக்குத் தடவியவருக்கும் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. எனவே என் வாக்கு 'செதில் தேய்வு'க்கு.

'ரம்பத் தேய்வு' என்று சொன்னவரும் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் வேறிடத்துக்கு வேண்டும். டயரின் சுற்றளவை ஒட்டி, அதாவது உருளும் திசையில் தடவும்போது, டயரின் மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு ரப்பர் கட்டையின், அதாவது பட்டனின், ஒரு முனை உயர்ந்தும் மறுமுனை தாழ்ந்தும் இருக்கும் ஒரு வகை இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் ரம்பத்தின் பல்வரிசையேதான். குறுக்கே தடவும்போது தட்டினால் செதில், சுற்றுவாக்கில் தட்டினால் ரம்பம் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் மோதாது. (பட்டன் என்பதை அப்படியே விட்டுவிடுங்கள். டயர் கடைச் சொல்தான், ஆனால் அதைவிடத் தெளிவான சொல் இந்த இழையில் இதுவரை வரவில்லை. 'மிதிக்கட்டை' வேண்டவே வேண்டாம்.)

செதில் தேய்வில் திசையும் முக்கியம். கையேட்டில் இதை விட்டுவிட வேண்டாம் என்று நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன். காரின் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே தடவும்போது வழுவழுப்பாகவும், உள்ளிருந்து வெளியே இழுக்கும்போது தட்டுவதாகவும் இருந்தால், கூர்முனைகள் உள்நோக்கி நிற்கின்றன. டோ இன் அதிகம், அதாவது சக்கரங்களின் முன்பக்கம் ஒன்றையொன்று நெருங்கியிருக்கிறது. நேர்மாறாக இருந்தால் டோ அவுட். கேம்பரால் மட்டும் தேய்ந்த ஓரமோ எந்தப் பக்கம் தடவினாலும் தட்டாது. சரிவாக, வழவழவென்று இறங்கும். உள்ளோரத் தேய்வைப் பார்த்துவிட்டு காரணம் கேம்பரா டோவா என்று குழம்புபவருக்கு இந்த ஒரு தடவலே பாதி விடை. தடவும் முன் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, உள்ளோரத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ரப்பர் தீர்ந்து உள்ளேயிருக்கும் எஃகுக் கம்பிகள் வெளியே வந்திருந்தால் கை கிழிந்துவிடும். நேராக நிற்கும் சக்கரத்தில் அந்த ஓரம் கண்ணுக்கே படாது. நடுவில் பட்டன் நன்றாக இருக்கிறது, பள்ளத்துக்குள் இருக்கும் 1.6 மி.மீ. தேய்மானக் காட்டியைக்கூட இன்னும் தொடவில்லை என்று நிம்மதியாக இருப்பவரின் டயர் உள்ளோரத்தில் மொட்டையாகியிருக்கும். எனவே ஆழத்தை உள்ளோரம், நடு, வெளியோரம் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம்.

> டோ இன் = முன்குவிவு, டோ அவுட் = முன்விரிவு

நல்ல இணை. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குவிவதற்கும் விரிவதற்கும் இரண்டு பேர் வேண்டும். சக்கரக் கோணங்களை அளக்கும் அலைன்மென்ட் எந்திரம் தரும் தாளில் இடச் சக்கரத்துக்குத் தனியாக, வலச் சக்கரத்துக்குத் தனியாக, இரண்டையும் கூட்டி மொத்தமாக என மூன்று எண்கள் இருக்கும். ஒற்றைச் சக்கரம் எப்படிக் குவியும்? ஆகவே கூட்டுத்தொகைக்கு முன்குவிவு, முன்விரிவு என்று வைத்துக்கொண்டு, தனிச் சக்கரத்துக்கு 'நோக்குக் கோணம்' என்று வைக்கலாம்: உள்நோக்கு, வெளிநோக்கு. சக்கரம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதுதானே கேள்வி. உள்நோக்கு என்பதை யாராவது உள்நோக்கம் என்று படித்துச் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், மறக்க மாட்டார்கள்.

இந்தக் கோணம் எவ்வளவு சிறியது என்பதையும் கையேடு சொன்னால் நல்லது. 0.1 பாகை என்பது 16 அங்குல ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ 0.7 மி.மீ. வித்தியாசம்தான். ஆனால் அந்த 0.1 பாகையிலேயே சக்கரம் பார்க்கும் திசைக்கும் கார் போகும் திசைக்கும் உள்ள விலகல், கணக்குப்படி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 1.75 மீட்டர். அவ்வளவு தூரம் பக்கவாட்டில் இழுபடுகிறது. கேம்பரில் அரைப் பாகை, ஒரு பாகை உட்சாய்வு என்பது பல கார்களில் தயாரிப்பாளரே வைத்து அனுப்புவது. அதனால் டயர் அவசரமாகத் தேய்ந்துவிடாது. டோவில் அதே ஒரு பாகை விலகினால் டயர் கண்ணெதிரே கரையும். எனவே சந்தேகத்தை டோவிலிருந்து தொடங்குவதே முறை.

தனி, மொத்தம் என்று நான் பிரிக்கச் சொல்வது வெறும் சொல் ஆசையால் அல்ல. ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டான டை ராட், ஒரு பக்கத்தில் மட்டும் நீளம் மாறியிருந்தாலும், நேராக ஓடும்போது முன்சக்கரங்கள் இரண்டும் அந்தப் பிழையைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். ஸ்டீயரிங் வளையம் கோணலாக நிற்கும். ஆகவே டோவால் வரும் தேய்வு பெரும்பாலும் இரண்டு முன்டயரிலும் தெரியும். ஒரே ஒரு டயரில் மட்டும் உள்ளோரம் வழவழவென்று போயிருந்தால், அந்தப் பக்கத்து உட்சாய்வு கூடியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரிய பள்ளத்தில் விழுந்து சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் வளைந்திருக்கலாம், மேலே தாங்கும் ஸ்ட்ரட் வளைந்திருக்கலாம். டயர்களை இடையில் இடம் மாற்றியிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் புரண்டுவிடும். இப்போது முன்னால் இருக்கும் டயர் பின்னால் இருந்தபோது தேய்ந்ததாக இருக்கலாம். நோயறியும் அத்தியாயத்தின் முதல் கேள்வியே 'கடைசியாக எப்போது டயர்களை இடம் மாற்றிப் போட்டீர்கள்?' என்பதாக இருக்கட்டும்.

மேலே போகிற போக்கில் உட்சாய்வு என்று எழுதிவிட்டேன். 'எதிர்மறைக் கேம்பர்', 'நேர்மறைக் கேம்பர்' இரண்டையும் எடுத்துவிட வேண்டுகிறேன். எது எதிர்மறை என்று ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்தால் உட்சாய்வு, வெளியே சாய்ந்தால் வெளிச்சாய்வு. பொதுப்பெயர் பக்கச்சாய்வு. சாலைப் பொறியாளர்கள் கேம்பர் என்பது சாலையின் நடுமேட்டிலிருந்து ஓரத்துக்கு இறங்கும் சரிவு. அதற்குச் 'சரிவு' என்பதையே விட்டுக்கொடுத்துவிட்டால் பழைய வழக்கும் தீர்ந்தது.

காஸ்டருக்கு 'திருப்பச்சின் சாய்வு' போதும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அதுதான் திருப்பச்சு. முன்பின்னாகச் சாய்வது அது. இடம் வலம் வேறுபட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயரை அது நேரடியாகத் தேய்ப்பது அரிது. இந்த அத்தியாயத்தில் அதற்கு ஒரு வரிக்குமேல் வேண்டாம்.

> வளைவில் திரும்பும்போது சக்கரங்கள் விரிவதும் முன்விரிவுதானே? அது பழுதா?

பழுதில்லை. வளைவின் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்தில் போவதால் அது அதிகமாகத் திரும்பித்தான் ஆக வேண்டும். குதிரைவண்டிக் காலத்திலேயே கேயார்க் லாங்கென்ஸ்பெர்கர் வடிவமைத்து, ருடால்ஃப் ஆக்கர்மன் 1818இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. அதைத் 'திருப்ப விரிவு' என்று தனியாகச் சொல்லலாம். நேராக ஓடும்போது இருக்கும் விரிவுக்கு மட்டும் முன்விரிவு.

அடுத்தது, டயரைச் சுற்றி அங்கங்கே திட்டுத்திட்டாகப் பள்ளம் விழுவது. 'கிண்ணத் தேய்வு' என்று சொல்லியிருந்தார்கள். 'குழித்தேய்வு' இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. ஷாக் அப்சார்பர் ஓய்ந்துபோனால் சக்கரம் சாலையில் துள்ளித் துள்ளி இறங்கும். வீல் பேலன்ஸ் தவறியிருந்தாலும், பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் இப்படிக் குழி விழலாம். பார்ப்பதற்கு முன்பே காதில் விழுந்துவிடும் தேய்வு இது. வேகம் கூடக்கூட முனகல் சத்தம் வரும். பேரிங் சத்தம் என்று நினைத்துப் பேரிங்கை மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு திரும்பி வருபவர்கள் உண்டு.

இந்த ஆட்டம் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தின் 'ப்ளே' என்பதற்கு 'விளையாட்டு' என்று ஒரு வரைவில் பார்த்தேன். பட்டறையில் போய் 'டை ராட் எண்டில் விளையாட்டு இருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள்! 'தளர்வு' நட்டுக்கும் போல்ட்டுக்கும் சரி, முறுக்கினால் போய்விடும். சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டால் அதை எவ்வளவு முறுக்கினாலும் சரியாகாது, அதில் இருப்பது ஆட்டம். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் டை ராட் எண்ட் அல்லது பேரிங். இரண்டு திசையிலும் ஆடினால் பேரிங்கின் மேல்தான் சந்தேகம் போகும். லோயர் ஆர்ம் போன்றவற்றின் இணைப்பில் இருக்கும் ரப்பர் புஷ் ஓய்ந்ததைக் கையால் ஆட்டிக் கண்டுபிடிப்பது கடினம். நெம்புகோல் வைத்து அசைத்துப் பார்க்க வேண்டும். நிற்கும்போது அளவு சரியாகக் காட்டி, பிரேக் அடிக்கும்போது மட்டும் கோணத்தை மாற்றிவிடுவது பெரும்பாலும் இந்தப் புஷ்தான்.

சோதிக்கும்போது முதலில் காற்று, பிறகு ஆட்டம், கடைசியில் கோணம் என்ற வரிசையைக் கையேட்டில் மாற்ற வேண்டாம். ஆட்டம் உள்ள வண்டியில் அலைன்மென்ட் செய்தால் அந்த எண்கள் தாளோடு சரி. கோணங்களுக்குள்ளும் பக்கச்சாய்வு முதலில், நோக்குக் கோணம் கடைசியில். சாய்வை மாற்றினால் நோக்கும் சேர்ந்து மாறிவிடும்.

அலைன்மென்ட்டை நான் வேண்டுமென்றே தமிழாக்கவில்லை. 'சக்கரச் சீரமைப்பு' என்று அட்டவணையில் இருக்கட்டும், உரைக்குள் அலைன்மென்ட் என்றே வரட்டும். டை ராட், லோயர் ஆர்ம், புஷ், ஸ்ட்ரட் ஆகியவையும் அப்படியே. உதிரிபாகக் கடையில் கேட்டு வாங்க வேண்டிய பொருள்கள் அவை.

எனக்கு இன்னும் நிறைவு தராதது 'திருப்பச்சு' மட்டும்தான். எதன் அச்சு என்பது அதில் விளங்கவில்லை. வேறு சொல் இருப்பவர்கள் எழுதுங்கள். மற்றவற்றில் மறுப்பு இல்லையென்றால் நண்பர் வரைவில் ஏற்றிக்கொள்ளலாம்.