யூட்டா பயணம்: போய்வந்த பிறகு ஒரு புதுப்பிப்பு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நான்கு நாள் பயணத்துக்கு சையன் தேசியப் பூங்கா மட்டும் போதுமா, பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காவுக்கும் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். "பிரைஸை விட்டுடாதீங்க" என்றவர்களுக்கு நன்றி.

பெயர்தான் கேன்யன், ஆறு குடைந்த பள்ளத்தாக்கு இல்லை அது. பாறை இடுக்கில் புகும் நீர் இரவில் உறைந்து விரிந்து, பகலில் உருகி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளக்கிறது. அப்படி உருவான செந்நிறத் தூண்கள் விடியல் வெயிலில் கனன்றன. விளிம்பு 2,400 மீட்டர் உயரத்துக்கு மேல். அக்டோபர் குளிருக்கு என் ஒற்றை ஸ்வெட்டர் எந்த மூலைக்கு!

சையனில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற செங்குத்தான பாறைக் குன்றில் ஏற 2022 முதல் குலுக்கலில் அனுமதி தருகிறார்கள். எனக்கு விழவில்லை. சரி என்று நாரோஸ் என்ற குறுகிய ஆற்றுப் பள்ளத்தாக்கில் முழங்கால் தண்ணீரில் நடந்தோம். அதுவே பிடித்துப்போனது. யூட்டாவின் இன்னொரு தேசியப் பூங்காவான ஆர்ச்சஸுக்கு நேரமில்லை.