விதைக்குச்சி விவகாரம்

குழு: பெரிய வீடு, பாப்பிரெட்டிப்பட்டி

பெரியப்பா: அரூர் பக்கம் ஒருத்தர்கிட்ட முள்ளுவாடி ரக மரவள்ளிக் குச்சி இருக்குது. போய்ப் பார்த்தேன், இலையெல்லாம் பச்சைப்பசேல்னு இருக்கு. நாளைக்கு வண்டி அனுப்பி ஏத்திரலாம்

கவி: பெரியப்பா, அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா?

பெரியப்பா: இன்னும் இல்லம்மா

கவி: குடுக்காதீங்க. கொழுந்து இலை கிள்ளிட்டு வாங்க, டிஎன்ஏ டெஸ்ட் பண்ணிரலாம்

அத்தை: மரவள்ளிக்கு டிஎன்ஏ டெஸ்டா 😂 அப்பன் யாருன்னு தெரியணுமா

கவி: 😄 செடியோடது இல்ல அத்தை, உள்ள இருக்கற தேமல் வைரஸோடது. வெள்ளை ஈயும் பரப்புது, குச்சி வழியா நாமளும் பரப்பறோம். வெயில்ல தேமல் அடங்கி, இலை நல்லாத்தான் தெரியும். நட்டுத் துளிர் விடறப்பதான் மஞ்சத் திட்டு வந்து சுருளும்

பெரியப்பா: வந்தா மருந்து அடிச்சுக்கலாம்

மாமா: போன வருசம் அடிச்சோமே மச்சான், ஈதான் செத்துச்சு. தேமல் போச்சா? சேகோ மில்லுல பாயிண்ட், அதான் கிழங்குல இருக்கற மாவுச்சத்து, பார்த்துத்தான் காசு

பெரியப்பா: அது சரி. கண்ணுக்குத் தெரியாதது டெஸ்ட்ல எப்படித் தெரியும்?

கவி: கொரோனாவுக்கு மூக்குல எடுத்தாங்களே ஆர்டி-பிசிஆர், அதே சமாச்சாரம். அது ஆர்என்ஏ வைரஸ், அதை டிஎன்ஏவா மாத்தத்தான் முன்னாடி ‘ஆர்டி’. தேமல் வைரஸ் டிஎன்ஏ, நேரா பிசிஆர்தான். சூடு பண்ணி ஆற வைக்கற ஒவ்வொரு சுத்துக்கும் வைரஸோட துண்டு ரெண்டு மடங்காகும். 30 சுத்துல ஒண்ணு நூறு கோடி 😳

அத்தை: அதுக்குள்ள குச்சி காஞ்சிராதா?

கவி: மெஷின் ஓடறது ரெண்டு மூணு மணி நேரம்தான். லேம்ப்னு இன்னொண்ணு இருக்கு, 65 டிகிரி பக்கம் ஒரே சூட்டுல ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல எது பண்ணுவாங்க, எவ்வளவு ஆகும்னு காலைல கேட்கறேன்

கவி: ஆனா நாலு இலைல இல்லைன்னு வந்தா தோட்டமே சுத்தம்னு நினைக்காதீங்க. ஓரம், நடுவுன்னு பரவலா எடுத்து, எடுத்த செடிக்கெல்லாம் துணி கட்டுங்க. தேறின செடில மட்டும் குச்சி வெட்டணும்

பெரியப்பா: தோட்டக்காரர் ஒத்துக்குவாரா?

மாமா: ஒத்துக்கலைன்னா விடுங்க மச்சான். ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல தேமல் தாங்கற ரகம் கேட்டுப் பார்க்கலாம்

பெரியப்பா: இலைய எதுல வைக்கறது?

கவி: பேப்பர்ல சுத்தி கவர்ல போடுங்க. ஈரம் கூடாது, அழுகிரும். ஒவ்வொண்ணுலயும் செடி நம்பர்

பெரியப்பா: 👍 வண்டிக்காரன்கிட்ட நாளைக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். திட்டறான்