மனசை விட்டுப் போகாத வாத்தியார்: ஒரே ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ஏரிக்கரை:
என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வு எழுதினவர்களுக்கு இது புரியும். எட்டாம் வகுப்பில் பாஸாகிவிட்டேன். அப்போது மாதம் 500 ரூபாய், பிளஸ் டூ வரைக்கும் வரும். அதற்கு என் பேரில் பேங்க் அக்கவுன்ட் வேண்டும். ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட்டால்தான் கணக்கு திறக்கிற காலம் அது. எங்கள் சொந்தத்தில் பேங்க் படியேறியவர் யாரும் கிடையாது. கணக்கு சார் அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னையும் அப்பாவையும் கூட்டிப் போனார்.

அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. உள்ளே போனதும் வழக்கம்போலத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றுவிட்டார். மேனேஜர் மேசைக்கு எதிரில் கிடந்த நாற்காலியைச் சார் இழுத்துப் போட்டு, "நீங்க உட்காருங்கண்ணே, நீங்கதான் கார்டியன்" என்றார். அப்பா உட்கார்ந்தார், ஆனால் விளிம்பில்தான். சார் நின்றுகொண்டே படிவத்தை நிரப்பினார்.

அதற்கு முன்பு எந்த ஆபீஸிலும் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பின்னால் ஒருமுறை சாரிடம் இதைச் சொன்னபோது, "அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லையேப்பா" என்றார். அதுதான் இன்னும் குடைகிறது.

சிவப்பு_மை:
எல்லோருக்கும் இப்படி ஒரு சார் வாய்ப்பதில்லை. பிளஸ் ஒன் அட்மிஷன் அன்று நடந்தது. விருப்பம் என்ற இடத்தில் ஃபர்ஸ்ட் குரூப் என்று எழுதியிருந்தேன். மேசையில் இருந்த டீச்சர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டு, ஓரத்தில் 'தொழிற்கல்வி' என்று எழுதினார். "உங்க வீட்ல யாரு படிச்சிருக்கா? இதைப் படிச்சா சீக்கிரம் ஏதாவது வேலைக்குப் போயிடலாம்." அம்மா, "சரிங்க டீச்சர்" என்று கும்பிடு வேறு போட்டார்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். நான் இப்போது என்ன வேலையில் இருக்கிறேன் என்று யாரோ சொல்ல, என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அப்பவே தெரியும்டி, நீ நல்லா வருவேன்னு" என்றார். பந்தியில் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாக்பீஸ்_தாத்தா:
பணி ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். என் கதை சின்னது. ஆறாம் வகுப்பில் தமிழ் ஐயா என் கட்டுரையை எல்லோர் முன்னாலும் வாசிக்க வைத்தார், அன்றைக்கே வாத்தியார் ஆவது என்று முடிவு செய்துவிட்டேன்.

மகள் சிவப்பு_மைக்கு ஒரு வார்த்தை. கோபம் நியாயம்தான், ஆனால் குரூப் ஒதுக்குவது அந்த ஒரு டீச்சர் கையில் மட்டும் இல்லை அம்மா. எத்தனை இடம், எந்தப் பாடத்துக்கு ஆள் இருக்கிறது என்றெல்லாம் பார்க்க வேண்டும். 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்வதும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மேல் வகுப்புகளில் 70 பேரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கிறேன். இப்போது இருப்பவர்களுக்குப் பிள்ளைகள் விவரத்தை ஆன்லைனில் ஏற்றும் எமிஸ் பதிவு வேறு, பாதி நாள் செல்போனிலேயே போய்விடுகிறது.

தொழிற்கல்வியை மட்டமாக நினைக்கவும் கூடாது. இதைப் படிக்கும் பெற்றோர் குறித்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூவில் தொழிற்பிரிவு முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் இன்ஜினியரிங்கிலும் அதேபோல நேரடி இரண்டாம் ஆண்டு. பத்தாவதோடு டிப்ளமோவுக்குப் போனால் மூன்று வருடம். எதுவாக இருந்தாலும் வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் மே மாதத்திலேயே வாங்கி வையுங்கள். ஜூனில் இ-சேவை மையத்தில் கால் வைக்க இடம் இருக்காது. மார்க் ஷீட்டை லேமினேட் செய்யாதீர்கள்.

இடக்கை:
ஐயா, கேட்டது அனுபவம். லேமினேஷன் வரைக்கும் போய்விட்டீர்கள். :)

எனக்கு இரண்டாம் வகுப்பு. இடது கையால் எழுதுகிறேன் என்று என் மணிக்கட்டைக் கைக்குட்டையால் பெஞ்சுக் காலோடு கட்டிவிட்டார் டீச்சர். இன்டர்வெல் மணி அடித்தது, எல்லோரும் ஓடினார்கள், என்னை அவிழ்த்துவிட யாருக்கும் தோன்றவில்லை. மேற்கொண்டு நடந்ததைச் சொல்ல வேண்டாம், டிரவுசர் நனைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அடிக்கவோ மன உளைச்சல் தரவோ கூடாது என்று ஐயா சொன்ன அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில். எனக்கு ரொம்பவே லேட். எழுதுவது மட்டும் வலது கை, மற்ற எல்லாவற்றுக்கும் இன்றைக்கும் இடதுதான்.

என் மகளுக்கும் இடது கைதான். ஸ்கூலில் சேர்த்தபோது வயிற்றைக் கலக்கியது. பேரன்ட்ஸ் மீட்டிங்கில் போய்ப் பார்த்தால், அவளைப் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைத்திருந்தார் மிஸ். ஏன் மிஸ் என்று கேட்டேன். "நடுவுல உட்கார்ந்தா பக்கத்துப் பிள்ளை முழங்கை இடிக்கும் சார், எழுத்து கோணலாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்.

சிவப்பு_மை:
சாக்பீஸ் ஐயா, தொழிற்பிரிவு, பாலிடெக்னிக், நேரடி இரண்டாம் ஆண்டு, அப்புறம் இன்ஜினியரிங் என்று நீங்கள் சொன்ன அத்தனையும் நான் நடந்து வந்த பாதைதான். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று எனக்குச் சொன்னது எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. டி.சி. நகல் எடுக்கப் போனபோது ஜெராக்ஸ் கடை அண்ணன் சொன்னார். லேமினேட் பண்ணாதே என்றும் அவர்தான் சொன்னார்.