கேடட் ஹேலியைப் போன்றவர்களை நீங்கள் சந்தித்ததுண்டா?

உட்லண்ட்ஸ்வாசி:

'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' என்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் நான்காம் பருவத்தில் 'பிராடிஜி' என்றோர் அத்தியாயம் உண்டு. 2001இல் ஒளிபரப்பான அந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி, கொலராடோ ஸ்பிரிங்சில் உள்ள அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் பயிலும் ஜெனிஃபர் ஹேலி என்ற பயிற்சி மாணவியைச் சுற்றியே நகர்கிறது. இயற்பியலில் ஆசிரியர்களையே மலைக்க வைக்கும் மூளையும், மேலதிகாரி என்பதற்காக மட்டும் யாருக்கும் அடங்கிப்போகாத வாயும் அவருக்கு உண்டு. அவரிடம் தம்முடைய இளமைச் சாயலைக் காணும் மேஜர் சமந்தா கார்ட்டர், சொல்லிப் பார்த்துப் பயனில்லாமல், படையின் பெரும் இரகசியமான நட்சத்திர வாயிலைக் கடந்து, வேறோர் உலகின் நிலவில் இயங்கும் ஆய்வுத் தளத்துக்கே அவரை அழைத்துச் செல்கிறார். ஒளிப்பொறிகளைப் போல் பறக்கும் சின்னஞ்சிறு உயிரினங்கள் அங்கே தாக்கத் தொடங்குவதும், ஆய்வாளர்கள் தளத்துக்குள் முடங்குவதும் மீதிக் கதை.

இப்படிப்பட்டவர்களைச் சீருடையில் சந்தித்த உறுப்பினர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். என்னுடையதை முதலில் எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூரின் கட்டாய இராணுவப் பணியான தேசிய சேவையில் செக்‌ஷன் கமாண்டராக, அதாவது ஒரு சிறு பிரிவின் தலைவராக, இருந்தபோது என் பொறுப்பில் ஒரு தமிழ் இளையர் இருந்தார். மற்றவர் முன்னிலையில் "சார்ஜெண்ட்" என்பார். படுக்கைப் பக்கம் யாருமில்லாத நேரத்தில் அது "அண்ணா" ஆகிவிடும். வரைபட வாசிப்பு வகுப்பில்தான் அவர் தம் வேலையைக் காட்டினார். வரைபடத்தின் வடக்கும் காம்பஸ் முள் காட்டும் வடக்கும் ஒன்றல்ல என்பதால், ஒவ்வொரு திசையளவிலும் அந்த வேறுபாட்டைக் கூட்டியோ கழித்தோ திருத்த வேண்டும் என்று பிளட்டூன் சார்ஜெண்ட் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நம்மவர் கையை உயர்த்தி, சிங்கப்பூரில் அந்த வேறுபாடு ஒரு பாகைக்கும் குறைவு என்றும், வட்டத்தை 6400 மில்களாகப் பிரிக்கும் நம் காம்பஸில் அது 18 மில்லைக்கூட எட்டாது என்றும், ஒரு கிலோமீட்டர் நடந்தாலும் 18 மீட்டருக்கு மேல் விலகல் வராது என்றும் அடுக்கினார். புதருக்குள் ஒரு மரத்தைச் சுற்றிப் போனாலே அதைவிட அதிகம் விலகிவிடுவோமே, பிறகு இதற்கு எதற்கு ஒரு மணி நேரம் என்று முடித்தார். கணக்கில் குறையே இல்லை. குரலில்தான் இருந்தது. அதைக் கேட்ட எவருக்கும், அவர் அறையில் இருப்பவர்களை எல்லாம் மடையர்கள் என்று சொல்வதாகவே பட்டிருக்கும்.

அடுத்த நொடி, தண்டனையாகத் தண்டால் எடுக்கச் சொல்லும் "தரையில் இறங்கு" என்ற கட்டளை வரும் என்று எல்லாரும் காத்திருந்தோம். அந்த சார்ஜெண்ட் வாய் திறக்காமல் வெள்ளைப் பலகையில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைக் கோணல்மாணலாக வரைந்து, நம் படையினர் பயிற்சிக்குச் செல்லும் ஷோல்வாட்டர் வளைகுடாவில் ஒரு புள்ளி வைத்து, "இங்கே எவ்வளவு?" என்று கேட்டார். பதில் இல்லை. அங்கே அது சுமார் 10 பாகை என்று அவரே சொன்னார். கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர் விலகும் என்பதை இளையர் மனத்துக்குள் போட்டுப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. நூற்று எழுபத்தைந்து என்று மெல்லச் சொன்னவர், உடனே நிமிர்ந்து, "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, சார்ஜெண்ட்" என்றார்! வகுப்பு சிரித்துவிட்டது.

கார்ட்டர் ஹேலியை நிலவுக்கு அழைத்துச் செல்வதை நாடகத்தனம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கல்லூரி வளாகத்துக்குள் நிற்கும்வரை, ஹேலி கட்டுப்பட மறுக்கும் ஒழுங்குக்கு அங்கே கண்ணுக்குத் தெரியும் காரணம் எதுவும் இல்லை. காரணம் வேறோர் இடத்தில் இருக்கிறது. காரணம் தெரியாத விதியை முட்டாள் எளிதில் ஏற்றுக்கொள்வான், சோம்பேறி ஏற்பதுபோல் நடிப்பான், இவர்களைப் போன்றவர்கள் மட்டும் முரண்டு பிடிப்பார்கள். ஆனால், ஓர் அத்தியாயத்துக்குள் மனம் மாறுவதெல்லாம் தொலைக்காட்சிக்கே சாத்தியம். நம் இளையர் வரைபடத்தில் பிறகு யாருக்கும் தொல்லை தரவில்லை என்றாலும், பூட்ஸை ஏன் முகம் தெரியும் அளவுக்குத் துலக்க வேண்டும் என்ற கேள்வியைக் கடைசிவரை விடவில்லை. அதற்கு எங்களிடம் ஷோல்வாட்டர் வளைகுடா எதுவும் கைவசம் இல்லை.

ஈசூன் ஆசிரியை:

தம்பி எழுதியதை இரசித்துப் படித்தேன். ஆயினும் என் அனுபவம் வேறு திசையில் போகிறது.

நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தேசிய மாணவர் படைக்குப் பொறுப்பாசிரியராக இருந்தேன். உயர்நிலை மூன்றில் ஒரு மாணவி. கையால் வீசும் சிறு விமான மாதிரிகளைச் செய்யும் பயிற்சியில் எல்லாருடைய விமானமும் மூக்கை மேலே தூக்கி, ஒரு கணம் தயங்கி, பொத்தென்று விழுந்துகொண்டிருந்தது. இந்த மாணவி குறிப்புத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, தம்முடைய விமானத்தை இரண்டு விரல் நுனிகளில் நிறுத்திச் சமநிலை எங்கே நிற்கிறது என்று பார்த்தார். பிறகு சுவரொட்டிக்குப் பின்னால் இருந்த புளூடாக் என்ற ஒட்டுக்களிமண்ணில் ஒரு பட்டாணி அளவு பிய்த்து மூக்கில் அப்பினார். எடை மையம் முன்னால் நகர்ந்ததும், அது கூடத்தின் மறுகோடிவரை வழுக்கிக்கொண்டு போனது. தோழிகளுக்கும் காட்டிக்கொடு என்றபோது, "அவர்களுக்கும் விரல் இருக்கிறது, டீச்சர்" என்றார். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஆண்டு முடிவில் அவர் மாணவர் படையிலிருந்து விலகி இயந்திர மனிதவியல் மன்றத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு முதல் பருவத்திலேயே இளையவர்கள் நான்கைந்து பேர் சீடர்களாகிவிட்டார்கள். சீருடை இல்லாத இடத்தில் அதே வாய் யாரையும் உறுத்தவில்லை. என் கேள்வி இதுதான்: ஹேலியைப் படைக்குள் வைத்திருந்தே தீர வேண்டும் என்று கார்ட்டர் ஏன் துடிக்கிறார்? வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் அவர் மேலும் செழிக்கக்கூடும் என்பதை அந்தக் கதை ஒரு நியாயமான வழியாகவே கருதுவதில்லை. காரணம் தெளிவு. அமெரிக்க விமானப்படையின் ஒத்துழைப்போடு எடுக்கப்பட்ட தொடர் அது. அதன் அப்போதைய தலைமைத் தளபதி ஜெனரல் மைக்கேல் ரயன் இதே அத்தியாயத்தில் தாமாகவே தோன்றிவிட்டுப் போகிறார். அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1976இல்தான் என்பதையும் நினைத்துப் பார்த்தால், கூர்மையான பெண் ஒருவர் வெளியேறுவதைப் பெருமையாகக் காட்டும் கதைக்கு அங்கே இடமிருந்திருக்காது.

ஜூரோங் வெஸ்ட்காரன்:

அக்கா, உங்கள் மாணவியால் விலக முடிந்தது. ஹேலியும் விரும்பித்தான் சேர்ந்தார், விரும்பினால் வெளியேறலாம். 1967 முதல் தேசிய சேவை சட்டமாக உள்ள நம் ஊரில் பையன்களுக்கு அந்தக் கதவு கிடையாது. இரண்டு ஆண்டுகள் இருந்தே ஆக வேண்டும். அடங்காதவரும் இருப்பார், அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் நாமும் இருப்போம்.

நான்தான் அந்தப் பக்கத்துக் கட்டில். எங்கள் அறிவாளி நண்பர், வெள்ளிக்கிழமை மாலை அலமாரிச் சோதனையில் அதிகாரியிடம் ஒரு விதியின் வாசகத்தை எடுத்துக்காட்டி வாதாடினார். வாதத்தில் வென்றும்விட்டார். பலன், மற்ற பிரிவுகள் புக் அவுட் ஆகி வீட்டுக்குப் போக, எங்கள் பிரிவு மட்டும் கழிப்பறைத் தரையைத் தேய்த்துக்கொண்டு இருட்டும்வரை நின்றது. வீட்டில் அம்மா வைத்த ஆட்டுக்கறிக் குழம்பை மூன்று முறை சூடு பண்ணியிருந்தார். நண்பருடைய நியாயத்துக்கு நாங்கள் வட்டி கட்டினோம். ஹேலியோடு ஒரே வகுப்பில், ஒரே அணியில் இருந்த மாணவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று அந்த அத்தியாயம் நின்று கேட்பதே இல்லை. மேதைக்கும் மேதையைப் புரிந்துகொண்ட மேலதிகாரிக்கும் இடையிலான கதையாகவே அது முடிந்துவிடுகிறது. உட்லண்ட்ஸ் அண்ணாவின் கதையிலும் வகுப்பு சிரித்ததோடு சரி. அதில் எத்தனை பேர் உள்ளுக்குள் பல்லைக் கடித்தார்களோ!

உட்லண்ட்ஸ்வாசி:

சிலர் கடித்திருப்பார்கள், தம்பி. ஆஸ்திரேலியப் படம் வரைந்ததில் வகுப்பு நேரம் தாண்டி, எல்லாரும் உணவுக்கூடத்துக்கு ஓட வேண்டியிருந்தது.

நீங்கள் கேட்ட பக்கத்துக் கட்டில்காரர்களின் கதை, ஐந்தாம் பருவத்தில் ஓரளவு வருகிறது. 'புரூவிங் கிரவுண்ட்' என்ற அத்தியாயத்தில் ஹேலி மீண்டும் தோன்றுகிறார், இம்முறை தனியாக அல்ல. எலியட், குரோகன், சாட்டர்ஃபீல்ட் என்ற மூவரோடு ஓர் அணியில். அணித்தலைமை எலியட்டிடம் இருக்கிறது. எதிரி தளத்தைக் கைப்பற்றிவிட்டதாக நம்பவைத்து நடத்தப்படும் சோதனைப் பயிற்சி அது. அக்கா கேட்ட கேள்விக்கு அதிலும் விடை இல்லை. அங்கும் ஹேலி சீருடையில்தான் இருக்கிறார். அதைப் பார்த்தவர்கள், அணியின் மற்ற மூவரில் ஒருவராகத் தங்களை வைத்துப் பார்த்து எழுதுங்கள். ஹேலியாக இருந்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், உங்கள் தரப்பையும் கேட்க ஆவல்.